முப்பத்தைந்து இஞ்ச் வலி

அத்தியாயம் 17

நாளைக் காலை ஏழு மணிக்கு மாஸ்டரின் வலது தோளை அறுக்கப் போகிறார்கள். அதற்கு முழுக் காரணம் அவர் மனைவி காஜாம்மாதான் என்பது போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். மாஸ்டர் வேண்டாம் என்றார். மருமகள் இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்றாள். கப்பலில் வேலை பார்க்கும் மகன் போனில், அம்மா சொன்னால் சரி என்று நழுவிக்கொண்டான். காஜாம்மா ஒற்றைக் காலில் நின்று ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிவிட்டாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. முப்பது வருடம் கோட்டு வெட்டிய கை நாலு மாதமாகக் கத்தரி பிடிக்கவில்லை. பொத்தான் துளைக்கு நூல் கட்டும் காஜா வேலையில் அவளுக்கு அந்தப் பெயரே வந்துவிட்டது. ஆனால் அவர் துணியை வெட்டினால்தானே இவள் துளைக்கு நூல் கட்ட முடியும். ஸ்கேன் எடுத்தார்கள். தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது என்று வந்தது. கிழிந்தால் தைக்க வேண்டியதுதானே என்று காஜாம்மா நினைத்தாள். தையற்காரி வேறு எப்படி நினைப்பாள்?

இன்று தையல் கூடத்துக்கு விடுமுறை. மாடியில் நாலு மிஷினும் உறை போட்டுக்கொண்டு நின்றன. கீழே காஜாம்மா ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிக்கொண்டிருந்தாள். மாலை ஐந்து மணிக்கு அங்கிருந்து போன் வரும், கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் உறுதி செய்துகொள்வார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

மருமகளும் லீவு போட்டிருந்தாள். அவள் வேலை செய்யும் இடத்தில் முதுகுவலி, கழுத்துவலி, மூட்டுவலி என்று வருபவர்களுக்குக் கையாலேயே வைத்தியம். தசையைத் தளர்த்துவது, மூட்டை அசைத்து விடுவது, நரம்பு சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது என்று நாள் முழுக்க அதே வேலை. காஜாம்மாவின் அகராதியில் அதற்கு 'அமுக்கிவிடுற உத்தியோகம்' என்று பெயர். கல்யாணமாகி எட்டு மாதமாகியும் அந்தப் பெயரை அவள் மாற்றவில்லை. மருமகளின் காது கேட்கவே இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

மாஸ்டரும் மருமகளிடம் வைத்தியத்துக்குப் பிடி கொடுக்கவில்லை. அவள் அறைக்குள் வந்தாலே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். மருமகள் முன்னால் முகத்தைச் சுளிப்பதே மரியாதைக் குறைவு என்று நினைக்கிற மனுஷன், கழுத்தையும் தோளையும் எங்கே காட்டுவார்? அவளும் வற்புறுத்தவில்லை. வீட்டு ஆளைப் பார்க்கும்போது கண் ஏமாந்துவிடும், வேறு யாராவது பார்ப்பதுதான் நல்லது என்று ஒதுங்கியிருந்தாள்.

ஃபைலைப் பையில் வைப்பதற்கு முன்னால் காகிதங்களை வரிசைப்படுத்தித் தருகிறேன் என்று மருமகள்தான் கேட்டு வாங்கினாள். இரண்டு நிமிட வேலை. பத்து நிமிடமாயிற்று. காஜாம்மா எட்டிப் பார்த்தபோது, மருமகள் ஒரே தாளை வெறித்துக்கொண்டிருந்தாள்.

அது மாஸ்டர் முதலில் போய்க்கொண்டிருந்த சின்ன கிளினிக்கின் தாள். வலி பத்துக்கு எவ்வளவு என்று அச்சடித்த ஒரு கட்டம். அதில் முதல் தடவை பதினாலு. அடுத்த தடவை பத்தொன்பது. அதற்கடுத்த தடவை இருபத்தாறு. அதற்குக் கீழே யாரோ பொடி எழுத்தில், 'வலியை மிகைப்படுத்திச் சொல்கிறார்' என்று எழுதியிருந்தார்கள்.

காஜாம்மாவுக்குச் சுருக்கென்றது. புருஷன் மேல் அவளுக்கு ஆயிரம் புகார் உண்டு. ஆனால் கால் இஞ்ச் கூட்டிச் சொல்லுகிற ஆள் அவர் இல்லை. பத்துக்கு இருபத்தாறு என்று யாராவது சொல்வார்களா? அப்படிச் சொல்லுகிற அளவுக்கு மனசு உடைந்துவிட்டதோ என்றுதான் அவளுக்குப் பட்டது. அதை மருமகளிடமும் சொன்னாள்.

"மனசு விட்டுட்டாரும்மா. நீ வந்தா காட்டிக்க மாட்டாரு. தனியா இருக்கும்போது பாரு, எப்பவும் தலையில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. நானும் திட்டிப் பார்த்துட்டேன். வீடு விளங்குமா, கையை எடுங்கன்னு."

மருமகள் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"எந்தக் கை அத்தை?"

"என்னது?"

"தலையில வைக்கறது எந்தக் கை?"

காஜாம்மா யோசித்துப் பார்த்தாள். தன் கையையே தூக்கித் தலையில் வைத்து, அவர் உட்காரும் ஜன்னல் பக்கத்தை மனசுக்குள் கொண்டுவந்தாள். வலது கைதான். சந்தேகமே இல்லை.

தோள் கிழிந்து துடிக்கிறவரால் அந்தக் கையைத் தூக்கித் தலைமேல் வைக்க முடியாது என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள். வைத்தால் வலி ஏறும். இவர் மணிக்கணக்காக வைத்துக்கொண்டிருக்கிறார் என்றால், அப்படி வைத்தால் அவருக்குச் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். கழுத்தில் நரம்பு நசுங்கியவர்களுக்கு அப்படி இருப்பதுண்டு. கையைத் தூக்கினால் நரம்பு கொஞ்சம் தளரும்.

நாலு மாதமாகத் துக்கம் என்று நினைத்துத் திட்டியதெல்லாம் காஜாம்மாவுக்கு நினைவு வந்தது. அந்த மனுஷன் வலிக்கு இதமாக இருந்த ஒரே இடத்தில் கையை வைத்திருந்தார். அதையும் இவள் எடுக்கச் சொல்லியிருந்தாள்.

இரண்டு பேரும் மாடி ஏறினார்கள்.

மாஸ்டர் வெட்டு மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் கை தலையிலிருந்து இறங்கியது. மருமகள் சுற்றி வளைக்கவில்லை. கிளினிக்கில் என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று விசாரித்தாள். பத்துக்கு இருபத்தாறு என்று எழுதியிருக்கிறதே என்றாள்.

மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"பத்துக்கா? பத்துக்குன்னு யாரும் கேட்கலையேம்மா. வலி எவ்வளவுன்னு கேட்டாங்க. அளந்து சொன்னேன்."

"அளந்தா?"

"பின்ன, கேட்டா குத்துமதிப்பாவா சொல்லுவாங்க? போறதுக்கு முன்னாடி டேப்பு வச்சு அளந்துட்டுத்தான் போவேன். முதல்ல பதினாலு இஞ்ச் இருந்தது. அப்புறம் பத்தொன்பது. இன்னிக்குக் காலையில முப்பத்தஞ்சு."

காஜாம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. படித்தவர்கள் அத்தனை பேரும் அந்த எண்ணைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்திருப்பார்கள். இவரோ ஒரு கோட்டுக்கு அளவு கொடுப்பதுபோல வலிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

மருமகள் சிரிக்கவில்லை. அவளுடைய அடுத்த கேள்வி மிகவும் மெதுவாக வந்தது. எங்கிருந்து அளந்தீர்கள் என்று கேட்டாள்.

மாஸ்டர் இடது கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைத் தொட்டார்.

"கோட்டுக் கைக்கு அங்கிருந்துதானே அளவெடுப்பீங்க? அந்தப் பழக்கத்துல வச்சீங்களா மாமா?"

"பழக்கமாவது ஒண்ணாவது. வலி அங்கதான் ஆரம்பிக்குது. தோள்ல ஆரம்பிச்சிருந்தா தோள்லருந்து அளந்திருப்பேனே."

கழுத்தெலும்பிலிருந்து புறப்பட்டுத் தோளைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, முப்பத்தைந்து இஞ்ச் ஓடி நடுவிரலில் போய் நிற்கிற வலி. நாலு மாதத்தில் அது எவ்வளவு நீண்டது என்று கணக்கே இருக்கிறது. அவர் ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களுக்குத்தான் அந்த பாஷை தெரியவில்லை. கட்டினவளுக்கும் தெரியவில்லையே என்று காஜாம்மா உள்ளுக்குள் குன்றிப்போனாள்.

நான் ஒரு தடவை பார்க்கட்டுமா மாமா என்று மருமகள் கேட்டாள். மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் சொல்லிவிடுவாள், தப்பித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது. காஜாம்மா வெட்டு மேஜையின் மேலிருந்த துணிக்கட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள்.

"படுங்க."

அந்த மேஜையில் யாரும் உட்காரக்கூடக் கூடாது என்பது மாஸ்டர் போட்ட சட்டம். முப்பது வருடமாகத் துணி மட்டுமே படுத்த இடத்தில், சட்டம் போட்டவரே முதல் ஆளாக மல்லாந்து படுத்தார்.

மருமகள் உடனே கழுத்தில் கை வைத்துவிடவில்லை. கேள்வி கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். நடக்கும்போது கால் தடுமாறுகிறதா, கை இரண்டும் ஒரே நேரத்தில் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா. கடைசிக் கேள்விக்குக் காஜாம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு தன் வேலைப் பையிலிருந்த சின்ன ரப்பர் சுத்தியலால் இரண்டு முழங்கைக்கும் பின்னால் தட்டிப் பார்த்தாள். இடது கை துள்ளியது. வலது கை சோம்பலாகக் கிடந்தது. கையை மடக்கச் சொன்னாள், நீட்டச் சொன்னாள், விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். தன் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள், அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அப்புறம் மேஜையின் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் மாமனாரின் தலைக்கு அடியில் கொடுத்தாள். விரல்நுனிகள் கழுத்தெலும்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு படியாக இறங்கின. ஒரு படியில் நின்றன. திரும்ப மேலே போய், மறுபடியும் அதே படியில் வந்து நின்றன.

காஜாம்மா அந்த விரல்களையே பார்த்தாள். துணி நுனியைக் கட்டைவிரலால் உரசிப் பார்த்தே நெசவு எங்கே பிசகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். மருமகளின் கண் எதையும் பார்க்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், விரலால்.

அமுக்கவே இல்லை. அதுதான் காஜாம்மாவை முதலில் தூக்கிவாரிப் போட்டது. கழுத்தைச் சொடுக்கப் போகிறாள், முறுக்கப் போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு, அசைகிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு அசைவுதான் தெரிந்தது. கழுத்தைத் தன் பக்கமாக மெல்ல இழுத்துப் பிடித்தாள், விட்டாள். அந்த ஒரு எலும்பை மட்டும் பக்கவாட்டில் தள்ளினாள், விட்டாள். முகவாயை உள்ளே இழுக்கச் சொன்னாள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"இப்ப எவ்வளவு மாமா?"

மாஸ்டர் கண்ணை மூடியிருந்தார்.

"முப்பது," என்றார். குரலில் சந்தேகம் இருந்தது. "மணிக்கட்டுல நிக்குது."

மருமகள் தலையை அசைக்க, காஜாம்மா துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்தாள். மாஸ்டர் போட்டிருந்தது முழுக்கை கருநீலச் சட்டை. மணிக்கட்டில் ஒரு வெள்ளைக் கோடு போட்டாள்.

இருபத்தைந்தரை என்று அடுத்த தடவை சொன்னார். முன்கையின் நடுவில் கோடு விழுந்தது. பிறகு வெகுநேரம் நகரவில்லை. மருமகள் அவசரப்படவில்லை, பிடியைக் கொஞ்சம் மாற்றினாள், அவ்வளவுதான். இருபது. முழங்கை. காஜாம்மா போட்ட அந்தக் கோடு கோணலாகப் போயிற்று. முப்பது வருடத்தில் அவள் போட்ட முதல் கோணல் கோடு அதுவாகத்தான் இருக்கும்.

விரலுக்கும் கழுத்துக்கும் நடுவே இத்தனை தூரம். தொடுகிற இடம் அங்கே, விடுகிற வலி இங்கே. கழுத்தில் கை வைத்த பிறகு அவள் வலது கையைத் தொடவே இல்லை. அவள் தொடாத அந்தக் கையிலிருந்து நாலு மாத வேதனை ஒவ்வொரு இஞ்சாகக் கழன்று மேலே போய்க்கொண்டிருந்தது. கண்ணால் பார்க்காவிட்டால் காஜாம்மா யார் சொல்லியும் நம்பியிருக்க மாட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நம்புவது கஷ்டமாகத்தான் இருந்தது. உடம்பு என்ற இந்த ஒன்றைத்தான் இத்தனை வருடமாகக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, திட்டித் திட்டிக் கூடவே கூட்டிக்கொண்டு திரிந்தோமா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. உள்ளே இப்படி ஒரு வழி ஓடுகிறது என்று ஒரு நாளாவது நினைத்ததுண்டா?

பதினாலு. ஏழரை. தோள்முனையில் கோடு போடும்போது மாஸ்டர் முகம் சுளித்தார். கழுத்தில் வலி கூடுகிறது என்றார்.

காஜாம்மாவுக்குத் திக்கென்றது. ஆனால் மருமகளின் முகம் மலர்ந்திருந்தது. கழுத்தில் கூடினாலும் பரவாயில்லை, கையை விட்டுப் போகிறதே, அதுதான் நல்ல குறி என்றாள். வெளியே சுற்றிக்கொண்டிருந்த வலி வீட்டுக்குத் திரும்புகிறது. இனி எங்கே போய்ப் பிடிக்க வேண்டும் என்று தெரியும்.

"நாலு," என்றார் மாஸ்டர். மூடிய கண்ணின் ஓரத்தில் ஈரம் கசிந்து காதுப் பக்கம் ஓடியது. இரண்டு நிமிடத்தில் குறட்டை கேட்டது. நாலு மாதமாக ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்காத ஆள்.

இரண்டு பெண்களும் சத்தம் போடாமல் கூடத்தின் மறு ஓரத்துக்கு வந்தார்கள். அப்படியானால் தோளில் கிழிசல் என்று ஸ்கேன் சொன்னது பொய்யா என்று காஜாம்மா கேட்டாள். பொய் இல்லை, இந்த வயதில் நிறையப் பேருக்கு அப்படிக் கிழிசல் இருக்கும், வலியே இல்லாமல் இருக்கும் என்றாள் மருமகள். கிழிசலை ஸ்கேன் சரியாகத்தான் காட்டியது. வலி அதிலிருந்துதான் வருகிறதா என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

துணியைத் தப்பான இடத்தில் வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்பது அந்தக் கூடத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காஜாம்மா மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதமாகச் சொன்னதற்கெல்லாம் சேர்த்து ஏதோ சொல்ல நினைத்தாள். மருமகள் அதை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது, கையை மட்டும் விடுவித்துக்கொள்ளாமல் நின்றாள்.

சரியாக ஐந்து மணிக்குப் போன் வந்தது.

நாளைக் காலை, வலது தோள், சரிதானே என்று ஒரு நர்ஸ் கேட்டாள். சரியில்லை என்று சொன்னது காஜாம்மாதான். சொல்லிவிட்டுப் போனை மருமகளிடம் நீட்டினாள். நர்ஸிடமிருந்து டாக்டருக்குப் போயிற்று. மருமகள் குரலை உயர்த்தவில்லை. எங்கே தொட்டேன், என்ன ஆயிற்று, எந்த விரல் மரத்திருக்கிறது, வலது முழங்கை துள்ளவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கழுத்தை ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் தோளைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

டாக்டர் நல்ல மனிதர். கேட்டார். ஒத்தி வைக்கிறேன், வாரக் கடைசிக்குள் கழுத்து ஸ்கேன் எடுங்கள், இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார். பிறகு அவர் ஏதோ கேட்டதும் மருமகளின் குரல் இறங்கியது. கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது டாக்டர், ஆமாம், முழங்கையை நீட்டுவதில், என்றாள். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பலம் இதற்கு மேல் குறைந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, அப்போது கழுத்தையே அறுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் அது என்று பின்னால் காஜாம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னாள். வலி வேறு, பலம் வேறு அத்தை என்றாள். வலியைக் கை வைத்து விரட்டலாம். பலத்தை நரம்பேதான் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

போனில் மறுபடியும் நர்ஸ். ஆஸ்பத்திரி கொடுத்த தேதியைக் குடும்பத்தார் கேட்டு ஒத்தி வைப்பதால் ஒரு பெயர் எழுதிக்கொள்ள வேண்டுமாம். யார் பொறுப்பு என்று கேட்டாள்.

மருமகள் வாய் திறப்பதற்குள் காஜாம்மா போனை வாங்கினாள்.

"என் பேரை எழுதிக்கோம்மா. நான்தான் பொறுப்பு."

மேஜையில் மாஸ்டர் அசைந்தார். கண் விழித்து, தான் எங்கே படுத்திருக்கிறோம் என்று பார்த்து, வெட்கத்துடன் சிரித்தார். வலது கையைத் தூக்கிப் பார்த்தார், விரல்களை விரித்தார், மடக்கினார். வலி இல்லை, இல்லவே இல்லை என்று சின்னப் பிள்ளைபோல இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார். சொல்லிக்கொண்டே வலது உள்ளங்கையை மேஜையில் ஊன்றி எழுந்தார்.

முழங்கை மடிந்துவிட்டது. அவர் பக்கவாட்டில் சரிந்தார். காஜாம்மா பாய்ந்து தாங்கிக்கொண்டாள்.

தூக்கக் கலக்கம் என்றார் மாஸ்டர். இருக்கும் என்றாள் காஜாம்மா. ஆனால் அவள் மருமகளைத்தான் பார்த்தாள். மருமகள் கை வைப்பதற்கு முன்பே இப்படி இருந்ததா, இல்லை இப்போதுதானா என்று அவளுக்குச் சந்தேகம்.

மருமகள் எதிரே வந்து நின்றாள். மாமனாரின் வலது கையைப் பாதி மடக்கி, தன் உள்ளங்கையை அவர் மணிக்கட்டுக்கு எதிரே வைத்தாள். முழுப் பலத்தோடு என்னைத் தள்ளுங்கள் என்றாள்.

அவர் பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மருமகளின் கை இருந்த இடத்திலேயே இருந்தது.

"தள்ளுங்க மாமா."

"தள்ளிக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்," என்றார் மாஸ்டர்.